போதுமென்று சொல்லத் தெரிந்த கருவி

இலிதியம் மின்கலத்துக்கு வீட்டிலே ஒரு மின்னேற்றி

இன்று நம் வீடுகளில் இலிதியம் குடிபுகாத அறையொன்றைக் காண்பது அரிது. கைத்தொலைபேசி, மடிக்கணினி, பிள்ளைகளின் விளையாட்டு மோட்டார், பாட்டியாரின் சிறு வானொலி, மின்சாரம் நின்றவுடன் ஏற்றும் விளக்கு ஆகிய இத்தனையிலும் ஒளிந்திருந்து உழைப்பது இலிதியம் அயன் மின்கலம் என்னும் சிறு பொருளே. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சிறு கலமே குத்துவிளக்காயிற்று.

அக்காலந் தொட்டு, பழைய தொலைபேசிகளிலிருந்து கலங்களைக் கழற்றி, விளக்கும் வானொலியும் செய்து பார்க்கும் ஆர்வம் மாணவரிடையே பெருகியிருக்கிறது. பாராட்டத்தக்க ஆர்வமே. ஆயினும் விளக்கைச் செய்வது எளிது. தீர்ந்துபோன கலத்துக்கு மீண்டும் மின்னேற்றுவதிலேதான் சங்கடம் உண்டாகிறது. "சேர், தொலைபேசியின் சார்ஜர் வயரை வெட்டி, இரண்டு முனையையும் நேரே பற்றரியிலே தொடுத்தால் என்ன?" என்று வகுப்பிலே ஒரு மாணவன் கேட்டான். "கூடாது" என்பது சரியான விடைதான். ஆனால் போதிய விடையன்று. ஏன் கூடாதென்று அறியாத பிள்ளை, ஆசிரியர் இல்லாத வேளையில் அதைச் செய்தே பார்ப்பான். ஆகவே காரணத்தையும், அதனைச் செய்யத்தக்க நல்வழியையும் ஒருங்கே சொல்லிவிடுவது நலம்.

சுவரிலே செருகுவது மின்னேற்றியா?

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்தல் வேண்டும். தொலைபேசியுடன் வரும், சுவரிலே செருகும் சிறு பெட்டியை நாம் எல்லோரும் சார்ஜர் என்றே அழைக்கிறோம். உண்மையில் அது வெறும் மின்வழங்கி. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற்றைத் தாழ்த்தி, ஏறக்குறைய 5 வோல்ற்று நேரோட்டமாகத் தருவதே அதன் முதன்மையான வேலை. கலத்தின் நிலையைப் பார்த்து, எவ்வளவு மின்னோட்டம் செலுத்துவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கும் உண்மையான மின்னேற்றி, தொலைபேசியின் வயிற்றுக்குள்ளே ஒரு சிறு சில்லாக இருக்கிறது.

வயரை வெட்டிக் கலத்திலே தொடுப்பவன், அந்தக் காவலாளியை விலக்கிவிட்டுக் கதவைத் திறந்தவனாகிறான். நிரம்பிய கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று, வழங்கியின் அழுத்தமோ 5 வோல்ற்று. கலம் நிரம்பிய பின்னரும் மின்னோட்டம் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். போதும் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

கலத்தின் உள்ளே

இவ்வகைக் கலத்தின் வரலாறு நீண்டதன்று. 1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் என்பவர் எக்சொன் நிறுவனத்தில் இலிதியத்தைக் கொண்டு ஒரு கலத்தை அமைத்தார். 1980இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினஃப், இலிதியம் கோபாற்று ஒட்சைட்டை நேர்மின்வாயாகக் கொண்டால் ஏறக்குறைய 4 வோல்ற்று பெறலாம் என்று காட்டினார். 1985இல் யப்பானிய அறிஞர் அகிரா யொஷினோ, தூய இலிதிய உலோகத்தை அகற்றி, மறைமின்வாய்க்குக் காபன் பொருளொன்றைப் பயன்படுத்தி ஆபத்தைக் குறைத்தார். 1991இல் சொனி நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குடினஃபுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே மூத்தவர்.

இன்றைய கலத்தின் மறைமின்வாய் பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களிலிருந்து நம் நாடு நெடுங்காலமாக அகழ்ந்தெடுத்துவரும் பொருளும், பென்சிலின் நடுவே நாம் காணும் பொருளும் அக்காரீயமே. அதிலே காபன் அணுக்கள் ஏட்டுச் சுவடிபோல் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் நேர்மின்வாயை விட்டுப் புறப்பட்டு, மின்பகுதிரவத்தினூடே நீந்திச் சென்று, அந்த ஏடுகளின் இடையே புகுந்து அமர்கின்றன. முற்றாக நிரம்பிய நிலையில் ஆறு காபன் அணுவுக்கு ஓர் இலிதியம் என்பது கணக்கு. கலத்தைப் பயன்படுத்தும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. இரு மின்வாய்களையும் பிரித்து நிற்பது ஒரு மெல்லிய பிளாத்திக்குத் திரை. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு அளவினதே.

பழைய மோட்டார் வண்டிக் கலத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்ரன் பிளாந்தே 1859இல் கண்ட ஈய அமிலக் கலம் பெரும் பொறுமைசாலி. அதற்கு மிகையாக மின்னேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிந்து வெளியேறும். வண்டிக்காரர் மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவிட்டால், அது தன் தொழிலைத் தொடரும். இலிதியக் கலத்திலோ நீருக்கு இடமே இல்லை. அத்துணை உயர்ந்த அழுத்தத்தில் நீர் பிரிந்துவிடும் ஆதலின், அதற்குப் பதிலாகச் சேதனக் கரைப்பான்களை நிரப்பியிருக்கிறார்கள். அவை எரியக்கூடியவை.

4.2 வோல்ற்று என்ற எல்லையை யாரும் தம் விருப்பப்படி வகுக்கவில்லை. அந்த அழுத்தத்தில் கோபாற்று ஒட்சைட்டிலிருந்து ஏறக்குறையப் பாதி இலிதியம் வெளியேறியிருக்கும். மேலும் வெளியேற்றினால் எஞ்சிய ஒட்சைட்டின் கட்டமைப்புத் தளரும். அது ஒட்சிசனை விடும். மறுபுறத்திலே, காரீயத்தில் இடமின்றிப்போன இலிதியம் உலோகமாகப் படிந்து, ஊசிபோல் வளர்ந்து, நடுத்திரையைத் துளைக்கவுங் கூடும். எரியும் திரவம், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் கூடினால் விளைவு யாதாகும் என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது இக்கலத்துக்கும் பொருந்தும்.

மனத்தில் இருத்தவேண்டிய அளவுகள்

ஒரு தனிக்கலத்துக்கு உரிய அளவுகள் இவை. நிரம்பிய நிலை 4.2 வோல்ற்று. சாதாரண நிலை 3.6 அல்லது 3.7 வோல்ற்று. பயன்பாட்டை நிறுத்தவேண்டிய நிலை ஏறக்குறைய 3.0 வோல்ற்று. 2.5 வோல்ற்றுக்குக் கீழே நெடுநாட் கிடந்த கலத்தில், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கலாம். அத்தகைய கலத்துக்கு மின்னேற்ற முயல்வது அபாயம். அதனை ஒதுக்கிவிட வேண்டும்.

மின்னோட்டத்துக்கும் எல்லை உண்டு. கலத்தின் மேல் 1000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அதன் பாதியாகிய 500 மில்லி அம்பியர், அதாவது அரை அம்பியர், மிகாமற் செலுத்துவது பாதுகாப்பான வழக்கம்.

தொழிற்சாலையிற் செய்த மின்னேற்றி இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதற் கட்டத்தில் மின்னோட்டத்தை மாறாமல் வைத்துக்கொண்டு அழுத்தத்தை உயரவிடுகிறது. அழுத்தம் 4.2 வோல்ற்றைத் தொட்டதும், அழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைத் தாழவிடுகிறது. மின்னோட்டம் முதலில் இருந்ததிற் பத்திலொன்றாகக் குறைந்ததும் நிறுத்திவிடுகிறது. நாம் செய்யப்போகும் கருவி இதனிலும் எளியது; வேகம் குறைந்தது; அந்த அளவுக்குச் சாந்தமானது.

வேண்டிய பொருள்கள்

கலமாக, பழைய நொக்கியாத் தொலைபேசிகளில் இருந்த பி.எல். 5சி என்னும் தட்டையான கலத்தை எடுத்துக்கொள்வோம். 3.7 வோல்ற்று, ஏறக்குறைய 1000 மில்லி அம்பியர் மணி கொண்ட அது, இன்றும் சிறு வானொலிகளுக்காகக் கடைகளில் விற்கப்படுகிறது. நல்ல கலமாயின், மிகை அழுத்தம் வந்தால் தொடர்பைத் துண்டிக்கும் காவற்சுற்று ஒன்று அதன் உறைக்குள்ளேயே இருக்கும். மலிவான போலிக் கலங்களில் அக்காவல் இல்லாதிருத்தலுங் கூடும், அவற்றை வாங்காதீர்கள்.

கருவிக்கு வேண்டியவை: 9 வோல்ற்று, 1 அம்பியர் தரும் நேரோட்ட மின்வழங்கி ஒன்று, எல்.எம். 317 என்னும் அழுத்தச் சீராக்கி ஒன்று, அதனைப் பொருத்துவதற்கு அலுமினியத் தகடு ஒன்று, 220 ஓம் தடையி ஒன்று, 470 ஓம் தடையி ஒன்று, 100 ஓம் மாறுந் தடையி ஒன்று, 2.2 ஓம், 5 வாற்று வெண்களிமண் தடையி ஒன்று, 1என் 4007 என்னும் இருவாயி ஒன்று, 0.1 மைக்குரோ பரட்டுக் கொள்ளளவி ஒன்று. 1 அம்பியர் உருகி ஒன்று. இவற்றோடு மல்ரிமீற்றர் ஒன்று இன்றியமையாதது. அஃது இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

தடையிகளை நிறவளையங்களால் அறியலாம். நான்கு வளையமுடைய தடையியாயின், 220 ஓமுக்குச் சிவப்பு, சிவப்பு, கபிலம். 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, கபிலம். நான்காவது வளையம் வழுவின் அளவைக் காட்டும்.

மின்வழங்கியை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். 230 வோல்ற்று உள்ள பகுதியில் மாணவர் கை வைத்தல் ஆகாது. தொலைபேசியின் 5 வோல்ற்று வழங்கி இந்தச் சீராக்கிக்குப் போதாது. இது தன்னுள் இரண்டு வோல்ற்று அளவிலே விழுங்கிக்கொண்டுதான் எஞ்சியதை வெளியே தரும்.

அமைக்கும் முறை

எழுத்துப் பொறித்த முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்க எல்.எம். 317ஐப் பிடியுங்கள். இடப்புறத்தது சரிசெய் கால்; நடுவிலுள்ளது வெளியீட்டுக் கால்; வலப்புறத்தது உள்ளீட்டுக் கால். முதுகிலுள்ள உலோகத் தகடும் நடுக்காலும் உள்ளே தொடர்புடையவை. ஆதலின் அதனுடன் பொருத்திய அலுமினியத் தகடு வேறெந்தக் கம்பியிலும் முட்டலாகாது.

வழங்கியின் நேர்க்கம்பியை உருகியோடு தொடுத்து, உருகியிலிருந்து இருவாயிக்கும், இருவாயியிலிருந்து உள்ளீட்டுக் காலுக்கும் கொண்டு செல்லுங்கள். இருவாயியின் வெள்ளி வளையம் உள்ள முனை சீராக்கியை நோக்கியிருக்க வேண்டும். உள்ளீட்டுக் காலுக்கும் மறைக்கம்பிக்கும் இடையே கொள்ளளவியை இணையுங்கள். வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே 220 ஓம். சரிசெய் காலிலிருந்து 470 ஓம், அதனைத் தொடர்ந்து 100 ஓம் மாறுந் தடையி, அதன் மறுமுனை மறைக்கம்பிக்கு. மாறுந் தடையிக்கு மூன்று கால்கள் உண்டு. நடுக்காலை ஓரக்கால் ஒன்றோடு சேர்த்துப் பற்றாசு பிடித்துவிடுங்கள். உள்ளே உரசும் தொடுகை ஒருநாள் கழன்றுவிட்டாலும், அழுத்தம் கட்டுமீறி 9 வோல்ற்றை நோக்கி ஓடாமல் 4.5 வோல்ற்றளவிலே நிற்கும். அதற்கப்பால் கலத்தின் காவற்சுற்றுப் பார்த்துக்கொள்ளும். இறுதியாக, வெளியீட்டுக் காலிலிருந்து 2.2 ஓம் தடையியினூடே கலத்தின் நேர்முனைக்கு ஒரு கம்பி. கலத்தின் மறைமுனையிலிருந்து வழங்கியின் மறைக்கம்பிக்கு ஒரு கம்பி.

கலத்திலே நேராகப் பற்றாசு பிடிக்கலாகாது. வெப்பம் அதனைக் கெடுக்கும். கவ்விகளையோ, வில்லுத் தொடுகைகளையோ பயன்படுத்துங்கள். பி.எல். 5சி கலத்திலே மூன்று தொடுகைகள் இருக்கும். நேர், மறை என்று குறித்த இரண்டுமே நமக்கு வேண்டியவை. மற்றதைத் தொடாது விடுங்கள்.

கணக்குச் சொல்வது என்ன?

எல்.எம். 317 தன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ற்றை நிலைநிறுத்தும் இயல்புடையது. ஆகவே சரிசெய் காலுக்குக் கீழேயுள்ள தடையை 220ஆல் வகுத்து, 1ஐக் கூட்டி, 1.25ஆற் பெருக்கினால் வெளியீட்டு அழுத்தம் கிடைக்கும். கீழ்த்தடை 500 ஓம் ஆயின், விடை ஏறக்குறைய 4.1 வோல்ற்று. மாறுந் தடையியை ஒரு கடைசியிலிருந்து மறுகடைசி வரை திருப்பினால், 3.9 முதல் 4.5 வரை அழுத்தம் மாறும். இடையிலே 4.1இல் நிறுத்துவதே நம் நோக்கம்.

எல்லை 4.2 ஆயிருக்க, 4.1 ஏன் என்று கேட்கலாம். அந்த 0.1 வோல்ற்றை விட்டுக்கொடுப்பதால் கலத்தின் கொள்ளளவிலே ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறையும். அதற்கு ஈடாகக் கலத்தின் ஆயுள் நீளும். நம் அளவீட்டிற் சிறு பிழை நேர்ந்தாலும் எல்லை தாண்டாது. பத்திலொரு பங்கைக் கொடுத்து நிம்மதியை வாங்குவது நட்டமான வியாபாரமன்று.

இனி, இக்கருவியின் மூளை எங்கேயிருக்கிறது என்று பாருங்கள். ஜேர்மனியிலே பாடசாலை ஆசிரியராயிருந்த ஜோர்ஜ் ஓம், 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட விதி ஒன்றே இங்கு காவல் நிற்கிறது. கலத்துள் பாயும் மின்னோட்டம், சீராக்கியின் அழுத்தத்துக்கும் கலத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 2.2ஆல் வகுத்த அளவினது. வறண்ட கலம் 3.0 வோல்ற்றில் இருக்கும்போது வித்தியாசம் 1.1, மின்னோட்டம் 0.5 அம்பியர். கலம் 3.6ஐ அடையும்போது 0.23 அம்பியர். 3.8இல் 0.14 அம்பியர். 4.0இல் 0.05 அம்பியர். 4.1ஐ எட்டும்போது வித்தியாசமும் இல்லை, மின்னோட்டமும் இல்லை. கலம் பசியோடிருக்கையில் மிகுதியாகவும், வயிறு நிரம்ப நிரம்பச் சிறிது சிறிதாகவும் ஊட்டி, நிறைந்ததும் கைகழுவிவிடும் தாயைப்போல் அந்த ஒற்றைத் தடையி நடந்துகொள்கிறது. பத்தாம் வகுப்பிலே பரீட்சைக்காக மனனஞ் செய்த விதி ஒரு வீட்டைத் தீயினின்று காப்பதை மாணவர் தம் கையாலேயே செய்து காணலாம்.

இதற்குரிய விலை காலதாமதம். கடைசிப் பகுதி மிக மெல்ல நிரம்புமாதலின், வறண்ட கலம் நிரம்பப் பகற்பொழுதின் பெரும்பகுதி செல்லும். அவசரக்காரருக்கு இக்கருவி உதவாது.

முதற் சோதனை

கலத்தைப் பொருத்தாமலே வழங்கிக்கு மின்சாரம் கொடுங்கள். வெளிக்கம்பிகள் இரண்டுக்கும் இடையே மல்ரிமீற்றரை வைத்து, 4.10 வோல்ற்றுக் காட்டும்வரை மாறுந் தடையியைத் திருப்புங்கள். கால்மணி நேரம் அப்படியே விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். அளவு அசையாதிருந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். 4.20ஐத் தாண்டினாலோ, எண் ஓரிடத்தில் நில்லாது துள்ளினாலோ, இணைப்புகளை மறுபடி சோதித்துத் திருத்தும்வரை கலத்தை அணுகவேண்டாம்.

பின்னர்க் கலத்தின் அழுத்தத்தைத் தனியே அளந்து, 3 வோல்ற்றுக்குக் குறையாதிருந்தால், நேரும் மறையும் மாறாமற் பொருத்துங்கள். சீராக்கியின் தகடு சூடேறும். தொடக்கத்தில் ஏறக்குறைய 2 வாற்று வெப்பம் அங்கே வெளிப்படும். அதற்காகவே அலுமினியத் தகடு. ஆனால் கலம் சூடேறலாகாது. கையில் வெப்பம் தெரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

மணிக்கொரு தரம் 2.2 ஓம் தடையியின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள வோல்ற்றை அளந்து, 2.2ஆல் வகுத்தால், அவ்வேளையிற் பாயும் மின்னோட்டம் தெரிந்துவிடும். அதைக் கொப்பியிலே நேரத்துக்கு எதிரே குறித்து வரைபு கீறிப் பாருங்கள். மேலிருந்து இறங்கிவந்து மெல்ல மெல்லப் படியும் அந்த வளைகோடு, எந்தப் பாடநூற் படத்திலும் அழகாயிருக்கும். தடையியின் முனைகளிடையே 0.1 வோல்ற்றுக்குக் குறைந்தால் வேலை முடிந்ததென்று கொள்ளலாம்.

முடிந்ததும் கலத்தை முதலிற் கழற்றி, அதன் பின்னரே மின்சாரத்தை நிறுத்துங்கள். நடுவிலே மின்வெட்டு நேர்ந்தாலும் கலத்தைக் கழற்றிவிடுவதே முறை. வழங்கி உறங்கும்போது 220, 470 ஓம் தடையிகளினூடாகக் கலம் 5 மில்லி அம்பியருக்குக் குறையாமல் இழந்துகொண்டிருக்கும். ஒரு வாரம் மறந்துவிட்டால் நிரம்பிய கலமும் ஏறக்குறைய வறண்டுபோகும்.

கடையிற் கிடைக்கும் சிறு பலகை

இத்துணைப் பாடுபட விரும்பாதவர்க்கு, ரி.பி. 4056 என்னும் சில்லைத் தாங்கிய சிறு பலகை இலத்திரனியற் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. 5 வோல்ற்றில் இயங்குவதால் தொலைபேசி வழங்கியே அதற்குப் போதும். மேலே சொன்ன இரண்டு கட்ட முறையையும் அது தானே செய்கிறது. கலம் 2.9 வோல்ற்றுக்குக் கீழிருந்தால் முதலிற் பத்திலொரு பங்கு மின்னோட்டமே கொடுத்துத் தேற்றுகிறது. 4.2 வோல்ற்றை எட்டி, மின்னோட்டம் பத்திலொன்றானதும் தானே நிறுத்தி, விளக்கின் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தொழிற்சாலையில் வைத்துவிடும் 1.2 கிலோ ஓம் தடையி, மின்னோட்டத்தை 1 அம்பியர் ஆக்கும். அது 1000 மில்லி அம்பியர் மணிக் கலத்துக்கு மிகை. அத்தடையியை அகற்றி 2.4 கிலோ ஓம் வைத்தால், மின்னோட்டம் பாதியாகும். வாங்கும்போது காவற்சுற்றும் சேர்ந்த பலகையைக் கேட்டு வாங்குங்கள். எனினும், முதலிற் கூறிய கருவியை ஒருமுறையேனும் செய்து பார்த்தவனுக்கே இப்பலகையின் அருமை விளங்கும்.

செய்யத்தகாதவை

எல்லா இலிதியமும் ஒன்றன்று. சி.ஆர். 2032 போன்ற பொத்தான் வடிவக் கலங்கள் ஒருமுறை மட்டும் பயன்படுவன. அவற்றுக்கு ஒருபோதும் மின்னேற்றலாகாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலத்தின் எல்லை 3.65 வோல்ற்று, நம் கருவி அதற்குப் பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட கலங்களைத் தொடராக அடுக்கிய கட்டுகளில் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே சமப்படுத்த வேண்டும். அதுவும் இக்கருவிக்கு அப்பாற்பட்டது. உப்பிய கலம், நசுங்கிய கலம், கசிவு மணக்குங் கலம் ஆகியவற்றுக்கு மின்னேற்றவும் வேண்டாம். குத்தித் திறக்கவும் வேண்டாம். குப்பைத் தீயில் இடவும் வேண்டாம்.

மின்னேற்றும் இடத்தையும் பார்த்துத் தெரிக. மெத்தையும் பாயும் கொப்பிக் கட்டும் கூடாது. ஓட்டின் மீதோ பீங்கான் தட்டின் மீதோ வைத்து, அருகில் யாரேனும் விழித்திருக்கும் பகல் வேளையிலே செய்யுங்கள். தவறி நேர்ந்து கலம் புகைந்தால், முதலிற் சுவரிலே மின்சாரத்தை நிறுத்தி, எல்லோரும் வெளியே செல்லுங்கள்; அப்புகை நஞ்சுடையது. அணுகக்கூடிய நிலையாயின், மின்சாரம் நின்றபின் நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்யலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இவ்வளவையும் படித்த பெற்றோர் சிலர், "இப்படியான விஷப்பரீட்சை எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எண்ணக்கூடும். அந்த அச்சம் நியாயமானது. 2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நொக்கியா நிறுவனமே, 2005 டிசெம்பர் முதல் 2006 நவம்பர் வரை மற்சுஷிற்றா நிறுவனம் செய்த 46 மில்லியன் பி.எல். 5சி கலங்கள் மின்னேற்றும்போது மிகையாகச் சூடேறக்கூடும் என்று அறிவித்து, அவற்றை மாற்றித்தர முன்வந்தது. அதுவரை அறியப்பட்டிருந்த சம்பவங்கள் ஏறக்குறைய 100. பேர்பெற்ற நிறுவனங்களின் தொழிற்சாலையையும் தப்பி ஒரு குறை நுழையக்கூடுமாயின், வீட்டு மேசையில் நாம் எவ்வளவு விழிப்பாயிருக்க வேண்டும்!

ஆயினும், இக்கலங்கள் பிள்ளையின் கைக்கு எட்டாத காலம் மலையேறிவிட்டது. அவை தலையணைக்குக் கீழே கிடக்கின்றன. சட்டைப்பையிலே பள்ளிக்கூடம் போகின்றன. தடை விதித்து அவற்றை அகற்றிவிட முடியாது. வெட்டிய வயரை யாருங் காணாமற் கட்டிலின் கீழே கலத்திலே தொடுக்கும் பிள்ளையினும், தந்தையோ தமையனோ ஆசிரியரோ அருகிலிருக்க, மல்ரிமீற்றரைக் கையிலேந்தி, 4.10 என்ற எண் தோன்றும்வரை கலத்தைத் தொடாது காத்திருக்கும் பிள்ளை நூறு மடங்கு பாதுகாப்பானவன். முன்னவனுக்கு மின்சாரம் ஒரு மாயம். பின்னவனுக்கு அது கணக்கு.

அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளை இந்தப் பொருள்களின் பட்டியலோடு வந்து பணங் கேட்டால், மல்ரிமீற்றருக்குரிய பணத்தை முதலிற் கொடுங்கள். அதனைக் கொண்டு வீட்டிலுள்ள கலங்களையெல்லாம் அளந்து, எது நலம், எது நலிந்தது, எது ஒதுக்கத்தக்கது என்று எழுதிவரச் சொல்லுங்கள். அப்பட்டியலைச் சரியாக எழுதி முடிக்கும் பொறுமை அவனிடம் இருக்குமாயின், மற்றப் பொருள்களையும் நம்பி வாங்கிக் கொடுக்கலாம்.